அருவி யாருக்குச் சொந்தம்?

திருப்பதி, சித்தூர் மலைகளில் மழைக்காலம் வந்தால் குளிக்கக் கூட்டம் திரளுகிறது. ஆனால் சட்டப் புத்தகத்தில் குளிப்பவனுக்கு இடம் எங்கே?

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் திருமலை அடிவாரத்தில் கபில தீர்த்தம் உயிர்பெறுகிறது. கோடையில் பாறையில் ஈரக் கோடாக மட்டும் தெரியும் அருவி, செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு புஷ்கரிணியில் விழுகிறது. வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பஸ்கள் மலை ஏறுவதற்கு முன் இங்கே ஒரு முறை காலியாகின்றன. ஈரப் புடவையைப் பிழிந்தபடி நடக்கும் பாட்டிகள், அப்பாவின் தோளில் உட்கார்ந்து அலறும் குழந்தைகள், கல் மண்டபத்தில் தலை துவட்டும் இளைஞர்கள். கார்த்திகைப் பௌர்ணமியில் மூவுலகத் தீர்த்தங்களும் இங்கே வந்து கலப்பதாக ஐதீகம். அன்று குளத்தில் கால்வைக்க இடமிருக்காது.

இவர்களில் யார் பக்தர், யார் உல்லாசப் பயணி என்று பிரிப்பது கஷ்டம். கபிலேஸ்வரரைக் கும்பிட வந்தவரும் அருவிக்கடியில் அரை மணி கூடுதலாக நிற்கிறார். வெறுமனே குளிக்க வந்தவரும் போகிறபோது விபூதி பூசிக்கொள்கிறார். சைவர்களுக்கு இது கபில தீர்த்தம். வைணவர்களுக்கு ஆழ்வார் தீர்த்தம். 16-ஆம் நூற்றாண்டில் விஜயநகர மன்னர் அச்சுதராயர் காலத்தில் குளத்துக்குப் படிகளும் சுற்றிலும் மண்டபங்களும் கட்டப்பட்டன. அவை வேலிகள் அல்ல; மக்கள் இறங்கிக் குளிப்பதற்கான வசதிகள். ஒரு நாட்டின் நிர்வாகம் குளிப்பவனைப் பற்றி யோசித்ததற்கு அந்தப் படிகள் கல்லில் பதிந்த சாட்சி.

அதன் பிறகு வந்த நிர்வாகங்கள் அவ்வளவாக யோசிக்கவில்லை.

மலைமேல் தண்ணீரின் மீதான உரிமை பற்றிய பழைய கதை ஒன்று உண்டு. ராமானுஜரின் தாய்மாமனான திருமலை நம்பி, பெருமாளின் திருமஞ்சனத்துக்காகப் பாபவிநாச தீர்த்தத்திலிருந்து தினமும் குடம் சுமந்து வந்தார். வழியில் ஒரு வேடன் தாகம் என்று கேட்டான். சுவாமிக்குரிய நீர், தர முடியாது என்றார் நம்பி. வேடன் குடத்தில் துளையிட்டுக் குடித்தான்; பிறகு மலைப்பாறையில் அம்பு எய்து, இனி இங்கிருந்தே எடுத்துக்கொள்ளும் என்று ஓர் ஊற்றைக் காட்டி மறைந்தான். அதுதான் ஆகாச கங்கை. வேடனாக வந்தவர் பெருமாள் என்கிறது தலபுராணம். யாருக்கு முதல் உரிமை என்ற தகராறில் தீர்ப்பு, தாகத்துடன் வழியில் வந்தவன் பக்கம்.

இன்று திருமலையின் தண்ணீர்க் கணக்கு புராணத்தைவிடச் சிக்கலானது. கோகர்ப்பம், ஆகாச கங்கை, பாபவிநாசம், குமாரதாரா, பசுபுதாரா என்று அணைகள் கட்டி, தினமும் வரும் பெருங்கூட்டத்துக்குத் தண்ணீர் தேக்குகிறார்கள். பாபவிநாசத்தில் குளிக்கிறவர் மேல் கொட்டுவது குழாய்கள் வழியே விடப்படும் நீர். அடிவாரத்தில் சந்திரகிரி பக்கம் கல்யாணி அணை 1970-களில் வந்தது. அது போதாமல், கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்தும் திருப்பதிக்குக் குழாய் போட வேண்டியிருந்தது. குடிநீருக்கு முதலிடம் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கேள்வி, வரிசையில் குளிப்பவன் எங்கே நிற்கிறான் என்பதுதான்.

வரிசையின் கடைசியில்

1987-இல் வந்த முதல் தேசிய நீர்க் கொள்கை முன்னுரிமைகளை வரிசைப்படுத்தியது. குடிநீர், பாசனம், நீர்மின்சாரம், படகுப் போக்குவரத்து, தொழிற்சாலை மற்றும் பிற உபயோகங்கள். நீந்துவதும் குளித்துக் களிப்பதும் 'பிற' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்க வேண்டியதுதான். 2012-இல் வந்த கொள்கை, தண்ணீரின் பயன்களைச் சொல்லும்போது பொழுதுபோக்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. ஆனால் கொள்கை என்பது சட்டமல்ல. அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாது.

சட்டம் என்று பார்த்தால் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம்தான் இன்னமும் அடித்தளம். சித்தூர் அப்போது சென்னை மாகாணத்தில் வட ஆற்காட்டின் பகுதி. 1911-இல்தான் தனி மாவட்டமானது. 1953-இல் ஆந்திரத்தோடு போனது. எனவே ஆற்றுநீர் பற்றிய பழைய சட்டங்கள் எல்லைக்கு இருபுறமும் ஒரே அச்சில் வார்த்தவை. ஓடையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர், குடிக்க, வீட்டு உபயோகத்துக்கு, ஆடு மாடுகளுக்கு, நிலத்துக்குப் பாய்ச்ச அதன் நீரைப் பயன்படுத்தலாம் என்கிறது 1882 சட்டம். கூடவே, ஆறுகளின் நீரைத் தேக்கவும் பகிரவும் அரசுக்குள்ள அதிகாரத்தை இந்தச் சட்டம் தொடாது என்றும் சொல்லிவிடுகிறது. 1905-ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆற்றுப்படுகையும் ஓடும் நீரும், பிறருக்கு உரிமை உள்ளவை நீங்கலாக, அரசின் சொத்து என்றது. ஆக, கரையில் நிலம் உள்ளவருக்கு ஓர் உரிமை. அரசுக்குப் பெரிய உரிமை. கரையில் நிலமும் இல்லாமல் கையில் துண்டோடு வருகிறவருக்கு?

அவருக்கு இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று, வழக்காறு. ஓர் ஊர் மக்கள் நெடுங்காலமாக, இடைவிடாமல், நியாயமான முறையில் ஒரு துறையில் குளித்து வந்தால், கோர்ட்டுகள் அதை உரிமையாக ஏற்கும். 1882 சட்டமும் வழக்காற்று உரிமைகளுக்கு இடம் விட்டிருக்கிறது. ஆனால் வழக்காறு இருபுறமும் கூரான கத்தி. மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் 1927-இல் அம்பேத்கர் தலைமையில் தீண்டத்தகாதவர் எனப்பட்டவர்கள் பொதுக்குளத்தில் நீர் அருந்தியபோது, அவர்களை விலக்கி வைப்பதே வழக்கம் என்று எதிர்த்தரப்பு கோர்ட்டுக்குப் போனது. அப்படியொரு பழம்பெரும் வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 1937-இல்தான் முடித்து வைத்தது.

அந்தப் போராட்டத்தின் தடம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. இதுதான் இரண்டாவது பிடி. பிரிவு 15, கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் ஆகியவற்றில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் (1955) ஆறு, ஓடை, ஊற்று, படித்துறை என்று பெயர் சொல்லி, தீண்டாமை காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. இந்தியக் குடிமகனுக்குக் குளியல் துறை பற்றி எழுத்தில் தரப்பட்ட மிக உறுதியான வாக்கு இதுவே. ஆனால் அதன் எல்லையையும் கவனிக்க வேண்டும். மற்றவர் குளிக்கும் இடத்தில் உன்னைத் தடுக்க முடியாது என்கிறது. துறை இருந்தாக வேண்டும், துறையில் தண்ணீர் இருந்தாக வேண்டும் என்று சொல்லவில்லை.

காட்டுக்குள் போனால்

திருப்பதியிலிருந்து மேற்கே பாக்கராப்பேட்டை வழியாக நெரபைலு போய், அங்கிருந்து காட்டுக்குள் திரும்பினால் தலக்கோனா. சுமார் 270 அடி உயரத்திலிருந்து விழும் இது ஆந்திரத்தின் மிக உயர்ந்த அருவி. கோனா என்றால் தெலுங்கில் மலைப்பள்ளத்தாக்கு. கீழே சித்தேஸ்வரர் கோயில். மேலே செஞ்சந்தனமும் காட்டு மாமரமும் கொடிகளும் பின்னிய வனம். சினிமாக்காரர்களுக்கு வெகுநாளாகப் பரிச்சயமான இடம். விடுமுறை நாளில் பாறைகளுக்கிடையே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே சத்தத்தில் கலக்கின்றன.

இங்கே விதி வேறு. சேஷாசலம் மலைகளில் 1980-களில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா சரணாலயமும் பிறகு தேசியப் பூங்காவும் அறிவிக்கப்பட்டன. 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதி பெற்றுத்தான் நுழைய முடியும். அனுமதி தரக்கூடிய காரணங்களில் சுற்றுலாவும் ஒன்று. ஆகவே தலக்கோனாவில் குளிப்பவர் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் அல்ல. அனுமதிச் சீட்டு வாங்கிய விருந்தாளி. வாசலில் கட்டணம் வாங்கும் கைக்குக் கதவைப் பூட்டவும் அதிகாரம் உண்டு.

அதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. சேஷாசலத்தின் செஞ்சந்தனம் உலகில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியைச் சுற்றித்தான் இயற்கையாக வளர்கிறது. தேவாங்கும் மஞ்சள்தொண்டைச் சின்னானும் இங்கே உண்டு. பிளாஸ்டிக் பையும் பாட்டில் துண்டும் போகாத இடமாகக் காடு இருக்க வேண்டுமானால் யாராவது காவல் நின்றாக வேண்டும். ஆனால் காவல் எவ்வளவு கடுமையாகலாம் என்பதும் தமிழர்களுக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று இதே சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழகத் தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்தச் செய்திக்குப் பிறகு, தமிழ் பேசிக்கொண்டு இந்த மலைகளில் நடப்பது பலருக்கு வெறும் உல்லாசமாக இல்லை.

வனச் சட்டங்களுக்குள் மறந்துபோன ஒரு வாசலும் இருந்தது. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டப்படி ஒரு காட்டைக் காப்புக்காடாக அறிவிக்கும் முன், பாதை, மேய்ச்சல், நீர் ஆகியவற்றில் யாருக்கு என்ன உரிமை என்று ஓர் அதிகாரி விசாரித்துப் பதிய வேண்டும். சொல்லத் தவறியவரின் உரிமை செத்துப்போகும். எழுதப் படிக்கத் தெரியாத யானாதிகளும் மேய்ப்பர்களும் அந்தக் காலத்தில் மனுப் போட்டிருப்பார்களா என்று கேட்கத் தேவையில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு நீர்நிலைகளின் மீன் முதலிய விளைபொருள்களில் சமுதாய உரிமையைக் கொடுத்தது. நகரத்திலிருந்து குளிக்க வருகிறவருக்கு அதில் பங்கு கிடையாது, இருக்கவும் தேவையில்லை.

தெற்கே, தமிழக எல்லையை நெருங்கினால், சென்னைக்காரர்களின் அருவிகள். நாராயணவனம் பக்கம் கைலாசகோனா, நாகலாபுரம் மலைகளில் வரிசையாக மடுக்கள், வரதய்யபாளையம் தாண்டி உப்பலமடுகு. இந்தக் கடைசி இடத்தைச் சென்னையில் 'தடா அருவி' என்றால்தான் தெரியும். வார இறுதிகளில் மோட்டார் சைக்கிள் கூட்டம் கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே விரையும். பாறைகள் வழுக்கும்; மடுக்களின் ஆழம் மேலிருந்து தெரியாது; மலையில் எங்கோ பெய்த மழை பத்து நிமிடத்தில் வெள்ளமாக இறங்கும். நீச்சல் தெரியாத நகரத்துப் பையன்கள் இந்த மடுக்களில் இறப்பது பல வருடங்களாகத் தொடரும் செய்தி. ஒவ்வொரு சாவுக்கும் பிறகு பாதை மூடப்படும். சில வாரங்களில் திறக்கும், அல்லது திருட்டுத்தனமாகத் திறந்துகொள்ளும். உயிர்காப்பவர், கயிறு, ஆழம் காட்டும் பலகை ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். பூட்டுக்குச் செலவு குறைவு.

பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றபோதும் இதே கதைதான்: முதலில் தடை, பிறகு யோசனை. குளிப்பது உரிமை என்று எழுதப்பட்டிருந்தால் பாதுகாப்பு தருவது கடமையாகியிருக்கும். சலுகையாக இருப்பதால் தடையே பாதுகாப்பாகிவிடுகிறது.

அருவிக்கும் ஆபத்து

உரிமை இல்லாததன் நஷ்டம் இன்னொரு வழியிலும் வருகிறது. அணை கட்டுபவர், மணல் அள்ளுபவர், ஓடையைத் திருப்புபவர் வரும்போது குளிப்பவர் சார்பில் பேச ஆளில்லை. குற்றாலம் பக்கம் தனியார் விடுதிகள் இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்துக் காசு பார்த்த விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அத்தகைய விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2022-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இயற்கை அருவியைப் பணம் கட்டுபவருக்கு மட்டுமாக்க முடியாது என்ற உணர்வு அதில் இருந்தது.

அதற்கு வேர் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கமல்நாத் வழக்கில் தந்த தீர்ப்பு. இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு ஓட்டல், வெள்ளத்திலிருந்து தப்பிக்க பியாஸ் நதியின் போக்கையே இயந்திரம் வைத்து மாற்றியது. ஆறு, கடற்கரை, காடு, காற்று ஆகியவற்றை அரசு மக்களின் அறங்காவலராக மட்டுமே வைத்திருக்கிறது, தனியாருக்குத் தாரை வார்க்க முடியாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். ரோமானியர் காலத்துக் கருத்து இது: ஓடும் நீர் எல்லோருக்கும் பொது. சொந்தக்காரர் என்று 1905 சட்டம் சொன்ன அரசு, 1996-இல் காவல்காரர் ஆனது. குளிப்பவருக்கு இன்றுள்ள வலுவான வாதம் இதுவே.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் இன்னும் ஒரு படி தாண்டியது. தண்ணீரை ஆற்றிலிருந்து வெளியே எடுத்தால்தான் உரிமை என்று நூறாண்டுக்கு மேல் நம்பிய அந்த வறண்ட மாநிலம், படகு விளையாட்டுக்காக ஆற்றிலேயே நீரை ஓடவிடும் உரிமையை உள்ளாட்சிகள் கோரலாம் என்று 2001-இல் சட்டம் செய்தது. நம் ஊரிலும் நீராடலுக்காக அணை திறந்தது உண்டு. ஆடிப்பெருக்குக்கு மேட்டூரிலிருந்து தண்ணீர் விட்டிருக்கிறார்கள். வையையில் புதுப்புனல் ஆடியதைப் பாடுவதற்கென்றே பரிபாடலில் இடம் ஒதுக்கிய மொழி இது. ஆனால் திறப்பது அரசின் தயவு. அடுத்த வருடம் கேட்டு வாங்க முடியாது.

சித்தூர் மாவட்டத்தில் அப்படிக் கேட்டால் கீழே இருப்பவர்களின் குரலும் எழும் என்பதையும் சொல்ல வேண்டும். நாகலாபுரத்துப் பக்கத்து மலைநீர் ஆரணியாறாகப் பிச்சாட்டூர் ஏரியைத் தாண்டி ஊத்துக்கோட்டைக்கு வருகிறது. கொசஸ்தலை பள்ளிப்பட்டு வழியாகச் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டிக்கு வருகிறது. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, குப்பம் பக்கம் சுமார் 33 கிலோமீட்டர் ஆந்திரத்தில் ஓடி, பிறகு 222 கிலோமீட்டர் தமிழகத்தில் கிடக்கிறது. ஓடுகிறது என்று சொல்ல முடியாது. குப்பத்தில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து, 1892-இல் சென்னையும் மைசூரும் செய்த ஒப்பந்தத்தைக் காட்டி, தமிழகம் 2006-இல் உச்ச நீதிமன்றம் போனது. இந்த வழக்குகளில் எண்ணப்படுவது ஏக்கரும் டி.எம்.சி.யும். ஆற்றில் நீச்சல் கற்றுக்கொண்ட தலைமுறை ஒன்று வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இருந்தது, அடுத்த தலைமுறைக்கு மணல்தான் கிடைத்தது என்ற நஷ்டத்துக்கு அந்தக் கணக்கில் பத்தி இல்லை.

பொன்முகலி

சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து, திருப்பதியைத் தொட்டு, காளஹஸ்தி வழியாக வங்கக் கடலுக்குப் போகும் சுவர்ணமுகிக்குத் தமிழில் பொன்முகலி என்று பெயர். கண்ணப்பர் வாயில் நீர் கொண்டுவந்து சிவனை நீராட்டியது இந்த ஆற்றிலிருந்துதான். காளஹஸ்திக் கோயிலின் மேற்குச் சுவரை உரசியபடி ஆறு வடக்கு நோக்கித் திரும்புகிறது. அதனால் கூடுதல் புண்ணியம். வருடத்தின் பெரும்பகுதியில் அந்தத் திருப்பத்தில் மணலும் புதரும்தான். 2021 நவம்பரில் பெருமழை கொட்டியபோது இதே ஆறு கரை கடந்து திருப்பதி சுற்றுவட்டாரத்தைக் கலங்கடித்தது. கபில தீர்த்தத்தில் விழுந்த நீரைப் பார்த்துப் பக்தர்கள் பின்வாங்கினார்கள். ஒன்று வறட்சி, இல்லாவிட்டால் பிரளயம். நடுவில் முழங்கால் அளவு தெளிந்த நீர் ஓடும் நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஓடும்போதும் அது குளிக்கத் தகுந்ததா என்பது வேறு கேள்வி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திறந்தவெளிக் குளியலுக்கென்றே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: லிட்டருக்குக் கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, 100 மில்லிலிட்டரில் மலக் கிருமிகள் 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2,500 உச்சவரம்பு. அரசாங்கம் தன்னையறியாமல் இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறது. நதியில் மக்கள் குளிப்பார்கள், அதற்கேற்ப நதி இருக்க வேண்டும் என்பதை. இந்த அளவுகோலைப் பொதுநம்பிக்கைக் கொள்கையோடு சேர்த்துப் படிக்கும் வழக்கறிஞர் ஒருவர் வந்தால், தொடங்குவதற்கு வேண்டிய சரக்கு இருக்கிறது.

கேட்க வேண்டியதும் பெரிதல்ல. மழைக்காலத்தில் சில வாரங்கள் துறையைத் தொட்டு ஓடும் நீர். அது சுத்தமாக இருப்பது. ஆபத்தான மடுவில் ஓர் எச்சரிக்கைப் பலகையும் ஒரு கயிறும் ஒரு காவலரும். ஓட்டல் நீச்சல்குளத்துக்குப் பணம் கொடுக்க முடிந்தவருக்கு இவற்றால் பெரிய லாபம் இல்லை. லாபமெல்லாம், வருடத்துக்கு ஒரு முறை பஸ் ஏறி வந்து, கபில தீர்த்தத்தில் தலை நனைத்துப் போகிறவருக்கு. அச்சுதராயர் காலத்துப் படிகள் அவருக்காகத்தான் கட்டப்பட்டன.